தேசவழமையும் அந்நியர் நீதிமன்றமும்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலே ஒரு காணி கைமாறப்போகின்றது என்றால், நொத்தாரிசு முதலிற் கேட்கும் கேள்வி அதன் விலை யாது என்பதன்று. அது முதுசொமா, சீதனமா, தேடிய தேட்டமா என்பதே. பெற்றோரும் முன்னோரும் விட்டுச்சென்ற வழியுரிமை முதுசொம். மகளின் திருமணத்தின்போது பெற்றோர் எழுதிக்கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் இல்லற காலத்திலே ஈட்டியது தேடிய தேட்டம். நாரந்தனை, சரவணை, கரம்பன், வேலணை என்று எங்கள் தீவின் எந்தக் கிராமத்துக்குச் சென்றாலும், பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாத முதியவருங்கூட இம்மூன்றின் வேறுபாட்டை ஐயந்திரிபற எடுத்துரைப்பர்.

இவை திண்ணையிலே வழங்குஞ் சொற்கள் மட்டுமல்ல. ஆங்கில எழுத்தில் உருமாறி அரசாங்கத்தின் கட்டளைச் சட்டங்களிலும் இடம்பெற்றுள்ளன. தமிழே அறியாத நீதியரசர்கள் இவற்றின் பொருளைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுதியுள்ளனர். திண்ணைச் சொல் நீதிமன்றத்துக்குள் எவ்வாறு புகுந்தது, புகுந்தபின் அதற்கு நேர்ந்தது யாது என்பதே, நேயர்களே, இன்றைய பேச்சின் பொருள்.

அந்நியர் ஒரு நாட்டுக்கு வந்து நீதிமன்றம் அமைக்கும்பொழுது, யாருடைய சட்டத்தின்படி தீர்ப்புக் கூறுவது என்னும் இடர்ப்பாடு எங்கும் எழுவது. புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரர் தமிழர் வழக்குகளை விசாரிக்க ஏற்படுத்திய மன்றத்துக்குச் ‘சாவடி’ என்ற தமிழ்ச் சொல்லே பெயராயிற்று. அங்கே பிரெஞ்சு அதிகாரிகள் அமர்ந்து, தமிழர் வழக்கத்தைக் கேட்டறிந்து தீர்ப்பளித்தனர். இதனினும் விந்தையானது சீனத்திலே ஷாங்காய் நகரில் நிகழ்ந்தது. 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையின் பின் அந்நகரில் மேனாட்டார் தமக்கெனக் குடியிருப்புப் பகுதிகளைப் பெற்றனர். அங்கே அவர்கள்மீது சீனச் சட்டம் செல்லாது. ஆனால் அப்பகுதிகளிலே சீனரும் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்கள் வழக்கை விசாரிப்பது யார்? இதற்காக 1864ஆம் ஆண்டு ஒரு கலப்பு நீதிமன்றம் தோன்றிற்று. 1869ஆம் ஆண்டு அதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. சீன நீதவான் ஒருவர் தலைமை தாங்குவார். அந்நியர் நலன் சம்பந்தப்பட்ட வழக்குகளில் ஒரு மேனாட்டுத் துணைத்தூதர் அவர் அருகே இணையமர்வார்.

ஓர் ஆசனத்தில் இருவர் அமர்ந்தால் என்ன நிகழும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1905ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, ஓர் உத்தியோகத்தரின் விதவை குற்றஞ்சாட்டப்பட்டு அம்மன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். அவரை நீதிமன்றத்துச் சிறையில் வைப்பதா, அந்நியர் நகரசபையின் சிறையில் வைப்பதா என்று சீன நீதவானும் ஆங்கிலேய இணையாளரும் மன்றிலேயே மாறுபட்டனர். சேவகரும் பொலீசாரும் கைகலந்தனர். நகரம் முழுவதும் கலகம் மூண்டது. 1911ஆம் ஆண்டுப் புரட்சியின்போது வெளிநாட்டுத் தூதர்கள் அம்மன்றத்தை முற்றாகத் தம் கைப்படுத்தினர். 1927ஆம் ஆண்டு தை முதலாந் தேதியே அது சீனர் கைக்கு மீண்டது.

நிற்க. யாழ்ப்பாணத்திலே இவ்வாறு இரு நீதிபதிகள் ஓர் ஆசனத்தில் அமர்ந்து மல்லாடவில்லை. இங்கு அமர்ந்தவர் ஒரே நீதிபதி. அவர் கையில் இருந்தவையே இரு சட்டங்கள். சீனத்து முறை கண்ணுக்குத் தெரிந்த கலப்பு; ஆகையால் சண்டையும் வெளிப்படையாக நடந்தது. நம்முடையது கண்ணுக்குத் தெரியாத கலப்பு. எது நம்முடையது, எது அவருடையது என்று பிரித்துக்காண மாட்டாதவாறு அது கலந்துவிட்டது.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்திவிட்டுக் கோட்டையில் தம் கொடியை ஏற்றினர். எங்கள் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டியவர்கள் இவர்களே. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்னும் பெயர் ஆங்கிலத்திலே இன்னும் நிலைத்திருக்கின்றது. பெயரை மாற்றுதல் எளிது. அத்தீவுகளிலே ஒருவன் மாண்டால் அவனுடைய பனங்காணி யாருக்குச் சேரும் என்று தீர்ப்பளித்தல் எளிதன்று. ஒல்லாந்தர் தம் தாயகத்து உரோம ஒல்லாந்தச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தனர். ஆனால் ஒற்றி என்பது அதில் இல்லை. முதுசொம் என்பது இல்லை. வழக்குத் தோறும் ஊர்த் தலைவர்களை அழைத்து வழக்கம் யாதென்று கேட்டால், அழைக்கப்பட்டவர் யாரோ அவர் நலத்துக்கு ஏற்ப வழக்கமும் மாறிற்று.

இதனைச் சீர்செய்ய விரும்பிய தேசாதிபதி கொர்னேலிஸ் யொவான் சைமன்ஸ், யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டுமாறு 1704ஆம் ஆண்டு கட்டளையிட்டார். அப்பணி யாழ்ப்பாணத்துத் தீசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரிடம் விடப்பட்டது. அவர் சட்டம் பயின்ற பண்டிதர் அல்லர். இந்நாட்டிலே நெடுங்காலம் பணியாற்றி, மக்களின் கொடுக்கல் வாங்கலைக் கண்ணாரக் கண்ட நிர்வாகி. அவர் ஒல்லாந்த மொழியில் எழுதி முடித்த தொகுப்பு 1707ஆம் ஆண்டு தை 30ஆந் தேதி கையொப்பம் பெற்றது. அதனை யான் பீருஸ் என்பவர் தமிழில் மொழிபெயர்த்தார். அந்தத் தமிழ்ப் பிரதி பன்னிரண்டு முதலிமார் முன்னிலையில் வைக்கப்பட, அவர்கள் படித்துப் பார்த்து இது நம் வழக்கத்துக்கு ஒத்ததே என்று சான்று கூறினர். அதன்பின் நீதிமன்றத்துக்கும் ‘லாந்துறாட்’ எனப்பட்ட நாட்டு வழக்குமன்றத்துக்கும் படிகள் அனுப்பப்பெற்றன.

இந்த வழியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழன் வாய்மொழியாய்ச் சொன்னதை ஒல்லாந்தன் தன் மொழியில் எழுதுகின்றான். அது மறுபடியும் தமிழாகி, தமிழன் முன் வந்து, “இதுதானே நீ சொன்னது?” என்று கேட்கின்றது. பன்னிருவரும் “ஆம்” என்றனர். அந்தப் பன்னிருவர் யார்? ஒல்லாந்தர் ஆட்சியிலே பதவியும் பட்டமும் பெற்றோர். நிலமும் ஆளும் உடையோர். அவர்களுள் ஒரு பெண் இல்லை. நிலமற்ற ஒரு கூலியாளும் இல்லை. தேசவழமையிலே அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. எசமான் இறந்தால் அவர்கள் எவ்வாறு பங்கிடப்படுவர் என்பதையெல்லாம் அது பேசுகின்றது. அவ்வாறு பங்கிடப்பட்டவர்களை எவரும் அழைத்து, இது உங்கள் வழக்கமா என்று கேட்டதில்லை. பழமை என்று நாம் போற்றும் நூலைப் படிக்கும்போது, அதிற் பேசாதவர் யார் என்பதையும் கவனித்தல் வேண்டும் என்று என் மாணவருக்கு நான் அடிக்கடி கூறுவதுண்டு.

இனி, அந்நூலின் உள்ளே கலப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்று காண்போம். பழைய முறைப்படி தந்தையின் சொத்தாகிய முதுசொம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. ஆனால் போர்த்துக்கேயர் காலத்திலே, தொன் பிலிப் மஸ்கரேனஸ் என்பவர் ஆட்சி செலுத்திய நாள்களில் இவ்வழக்கம் நெகிழ்ந்து, எவ்வகைச் சொத்திலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கும் முறை வந்ததாகத் தொகுப்பே கூறுகின்றது. எனவே 1707இல் எழுதப்பட்டதும் கலப்பற்ற பழமையன்று. முன்னரே ஓர் அந்நியர் ஆட்சியிற் கலந்ததன் மேல், இன்னோர் அந்நியர் ஆட்சி எழுதிய எழுத்து. இவற்றின் அடிவேரை ஆராய்ந்தவர்களுள் சிறந்தவர், பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதியரசராய் விளங்கிய எச். டபிள்யூ. தம்பையா. சேர நாட்டு மருமக்கட்டாய முறையின் சாயலும் சோழமண்டலக் கரையின் வழக்கும் இதில் ஒருங்கே காணப்படும் என்பது அவர் துணிபு.

காணி விற்பனையைப் பற்றிய விதி இன்னும் சுவையானது. ஒருவன் தன் நிலத்தை விற்க எண்ணினால், உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அந்நிலத்தை ஒற்றியாகப் பிடித்திருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வாங்க மறுத்தால் மட்டுமே பிறனுக்கு விற்கலாம். இது கிராமத்துக்குள் முன்பின் அறியாதவர் புகாதவாறு காக்கும் தமிழ் வழக்கம். ஒல்லாந்தத் தளபதி புளோம் என்பவர் இதனோடு வேறொன்றைச் சேர்த்தார். விற்பனையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலே தேவாலயத்தில் அறிவித்தல் வேண்டும் என்றார். ஒல்லாந்து நாட்டிலே திருமணத்தை மும்முறை கூறி அறிவிக்கும் வழக்கத்தை, இங்கே பனந்தோப்பு விற்பனைக்குப் பொருத்திவிட்டார்! சைவர்களும் தங்கள் காணிச் செய்தியைக் கேட்கப் புரொட்டெஸ்தாந்து ஆலயத்து வாசலுக்குச் செல்ல நேர்ந்தது. அக்காலத்திலே அவ்வாலயங்களை அடுத்தே பள்ளிக்கூடங்களும் இருந்தன. பிறப்பு, மணம் முதலியவற்றைத் தோம்பிலே பதியும் பொறுப்பும் ஆசிரியர் தலையிலேயே விழுந்தது. கற்பித்தலுக்குப் புறம்பான பதிவேட்டுச் சுமை ஆசிரியருக்குப் புதிதன்று என்பதை என் தொழிற் சகோதரர்கள் அறிந்து ஆறுதல் கொள்வாராக.

ஒற்றியைப் பற்றிய விதிகளோ மண்ணின் மணம் வீசுவன. பணம் கொடுத்தவன் நிலத்தைப் பிடித்துக்கொள்வான். விளைவே அவனுக்கு வட்டி. பணத்தைத் திருப்பிக் கொடுத்து நிலத்தை மீட்க நினைத்த நாளிலெல்லாம் மீட்டுவிட முடியாது. விதைத்தவன் அறுக்குமுன் அவனை எழுப்புதல் முறையன்று என்பதனால், பயிருக்கும் மரத்துக்கும் ஏற்ற பருவங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பிறர் நிலத்திலே தென்னை நட்டு வளர்த்தவனுக்கும் நிலக்காரனுக்கும் உள்ள பங்கு, கன்று யாருடையது, உழைப்பு யாருடையது என்பதைக் கொண்டு தீரும். பிள்ளையைத் தத்தெடுப்போர் உடன்பிறந்தோரின் சம்மதம் பெற்று, உறவினர் கூடிய சபையில், வண்ணாரும் நாவிதரும் சாட்சியாய் நிற்க, மஞ்சள் நீர் அருந்துவர். எந்த ஐரோப்பியச் சட்டநூலிலும் இதனைக் காண முடியாது. இப்பகுதிகளைப் படிக்கும்போது, ஐசாக்ஸ் என்னும் அந்த மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கின்றார் என்ற மதிப்பு நமக்கு ஏற்படுகின்றது.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களே தொடரும் என்று 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அறிவித்தனர். பின்னர்த் தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லண்ட் காலத்தில், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமைக்கு முழு வலிமை அளித்தது. சைமன்ஸ் தேசாதிபதி 1706இல் திரட்டுவித்தது என்று அப்பிரமாணம் குறிப்பிடுகின்றது; கையொப்பமோ 1707 தை மாதத்தது. யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்’ குடிகளுக்கிடையே எழும் வழக்குகளும், அத்தகைய குடி ஒருவர் எதிராளியாக உள்ள வழக்குகளும் இதன்படியே தீர்க்கப்படும் என்பது கட்டளை. மலபார் என்பது அக்காலத்து மேனாட்டார் தமிழரைக் குறித்த சொல். இந்த ஒரு சொல்லால் விளைந்த வழக்குகள் பல. கொழும்பிலே உத்தியோகம் பார்த்துக் குடியமர்ந்த யாழ்ப்பாணத் தமிழன் அம்மாகாணத்துக் குடியா? செட்டிநாட்டிலிருந்து வந்து யாழ்ப்பாணத்திலே கடை வைத்தவர் அக்குடியா? நீதிமன்றங்கள் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தன.

1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தின்படி மாவட்ட நீதிமன்றங்கள் ஏற்பட்டபோது, நீதிபதியோடு மூன்று இணையாளர் அமர்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஷாங்காயைச் சற்று நினைவுகூர்க. அங்கே நாட்டவர் நீதவான், அந்நியர் இணையாளர். இங்கே அந்நியர் நீதிபதி; நாட்டவரும் இணையாளராக அமர இடமிருந்தது. காலப்போக்கில் இணையாளர் முறை வழக்கொழிய, நீதிபதியின் முன் எஞ்சியது நூல் ஒன்றே. சட்டத்தரணி முத்துக்கிருஷ்ணா 1862இல் ஆங்கிலத்தில் பதிப்பித்த தேசவழமையைப் புரட்டிப் பார்த்து வழக்காடினர். நூலிற் காணாதவற்றுக்கு உரோம ஒல்லாந்தச் சட்டத்தை நாடினர். ஊரிலே வழக்கம் மாறினாலும் நூல் மாறாது. மாறுவது நூலுக்கு நீதிபதி கூறும் உரையே.

புதிய கட்டளைச் சட்டங்களும் ஒவ்வொன்றாய் வந்தன. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காணி விற்பனைக்கு நொத்தாரிசு உறுதியை இன்றியமையாததாக்கிற்று. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அத்துடன் தேசவழமையின் ஒரு பகுதி முழுவதும் செத்த எழுத்தாயிற்று. அதே ஆண்டிலே மரணசாசனச் சட்டம் வந்து, தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கும் உரிமையைத் தந்தது. தேடிய தேட்டத்தின் பொருளை 1911ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1933இல் உயர்நீதிமன்றம் அதற்கு ஒரு பொருள் கூறியது. 1947இல் திருத்தச்சட்டம் வந்தது. திருத்தத்துக்கு மீண்டும் விளக்கங்கூற 1954இல் நீதியரசர் பலர் ஒருங்கே அமர நேர்ந்தது. புருடனும் பெண்சாதியும் சேர்ந்து தேடியது என்று எங்கள் ஊர்க் கிழவி ஒரே மூச்சிற் சொல்லிவிடும் சொல் அது! முன்வாங்கும் உரிமையும் 1947இல் தனிச்சட்டமாகி, உரித்தாளரோடும் பங்குக்காரரோடும் நின்றது. அயற்காணிக்காரர் விலக்கப்பட்டார்.

இக்கலப்பிலே என் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. சீதனம் என்பது மனைவியின் தனிச்சொத்து. உறுதி அவள் பெயரிலே இருக்கும். கணவனின் கடனுக்கு அது பொறுப்பன்று. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மணமான பெண்ணுக்குத் தன் பெயரிற் சொத்து வைத்திருக்கும் உரிமை கனவாயிருந்த காலத்திலே எங்கள் தீவுப் பெண் காணிக்காரியாய் இருந்தாள். இதைச் சொல்லிப் பெருமை கொள்ளாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. ஆனால் அதே தொகுப்பு, மனைவி கணவனின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவள் ஆதலால் அவன் சம்மதமின்றி எதையும் தானமாகக் கொடுக்கலாகாது என்றும் கூறுகின்றது. இவ்வெண்ணத்தையே 1911ஆம் ஆண்டுச் சட்டம் விரித்து, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது.

இது தமிழர் வழக்கமா, ஒல்லாந்தர் வழக்கமா? உரோம ஒல்லாந்தச் சட்டத்திலே கணவன் மனைவிக்குப் பாதுகாவலன். அவளுடைய சொத்தை ஆள்பவன் அவனே. அச்சட்டத்திலே ஊறிய ஒருவர், பன்னிரண்டு ஆடவரைச் சாட்சியாகக் கொண்டு, மனைவி கட்டுப்பட்டவள் என்று எழுதும்போது, அவர் கேட்டதை எழுதினாரா, தாம் நம்பியதை எழுதினாரா என்ற ஐயம் எழுதல் இயல்பே. இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின என்பது என் கருத்து. பின்னர் நிகழ்ந்ததோ இன்னும் வியப்புக்குரியது. இலங்கையின் பொதுச்சட்டத்துக்கு உட்பட்ட பெண்களைக் கணவனின் இந்த ஆட்சியிலிருந்து 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் விடுவித்தது. அதாவது, ஒல்லாந்தச் சட்டம் தன் பழைய கட்டைத் தானே அவிழ்த்துக்கொண்டது. ஆனால் அச்சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்குச் செல்லாது என விலக்கப்பட்டது. அந்நியர் கைவிட்டுச் சென்ற விலங்கு, நம் மூதாதையர் வழக்கம் என்ற பெயரோடு நம் பெண்கள் கையிலேயே தங்கிவிட்டது.

பழங்கதை என்று இதை ஒதுக்குவோர் போர்க்காலத்தின் பின் எங்கள் தீவுகளிலே நடந்ததைப் பார்த்தல் வேண்டும். 2009இல் போர் ஓய்ந்தது. கணவன் காணாமற்போனவன் என்று மட்டும் அறிந்த மனைவியர் பலர். இறந்தான் என்பதற்குச் சான்றிதழ் இல்லை. இருக்கின்றான் என்பதற்குக் கடிதமும் இல்லை. என் பாடசாலையிலே படித்த ஒரு மாணவியின் தாயும் அவர்களுள் ஒருவர். மகளின் மேற்படிப்புக்காகத் தம் சீதனக் காணியின் ஒரு துண்டை ஈடுவைக்க விரும்பினார். காணி அவருடையது, உறுதி அவர் பெயரில், வேலி அவர் கையால் அடைத்தது. கணவனின் கையெழுத்து எங்கே என்று கேட்டார் நொத்தாரிசு.

கணவன் இருக்குமிடம் தெரியாதபோதும், நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்படும்போதும், மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை வழங்கலாம் என்று அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு வழி திறந்திருக்கின்றது. இதனை அறியாத பெண்கள், அதிகாரமுள்ளோர் வாசல்தோறும் காத்திருந்து காலத்தைக் கழிக்கின்றனர். அந்தத் தாயார் சட்டத்தரணி ஒருவரைக் கண்டு விண்ணப்பம் எழுதுவித்தார். திருமணப் பதிவு, சீதன உறுதி, கணவன் காணாமற்போனதைப் பற்றிய முறைப்பாட்டின் பிரதி என்பவற்றையெல்லாம் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு, நாரந்தனையிலிருந்து காலைப் பேருந்தில் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டார்.